மறையும் ஆடலும் நிலைக்கும் எழுத்தும்



சிற்பி வடித்த சிலை, சிற்பி மறைந்த பின்னும் நிற்கிறது. புலவர் பாடிய செய்யுள் ஏட்டில் வாழ்கிறது. ஓவியம் சுவரை விட்டு நீங்குவதில்லை. ஆடல் ஒன்றே, நிகழும் போதே மறைந்துகொண்டிருக்கும் கலையாகும். உயர்ந்த கை மறுகணமே தாழ்ந்துவிடுகிறது. பாதம் தரையைத் தொட்ட ஓசை அடங்கிவிடுகிறது. திரை விழுந்த பின்னர் எஞ்சுவன இரண்டே. ஒன்று, கண்டவர் நெஞ்சில் நிற்கும் நினைவு. மற்றொன்று, கண்டவர் எழுதிவைத்த எழுத்து. நினைவு அதனை உடையவரோடு போய்விடும். எழுத்து நிற்கும்.

ஆதலால், நாட்டியத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்தியும் விமர்சனமும் அக்கலையின் நினைவேடாகவே விளங்குகின்றன. மேலை நாட்டுப் பாலே நடனத்தையும், இக்கால நடனம் என்று வழங்கும் புதுவகை ஆடலையும் பற்றிய இத்தகைய எழுத்துகளை நாம் ஏன் தொடர்ந்து படித்துவர வேண்டும், எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

"பாலே நடனத்திற்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. ருஷிய நாட்டு நடன அரசியான அன்னா பாவ்லோவா, 1923ஆம் ஆண்டில் இந்தியக் கருப்பொருள் கொண்ட நடனங்களை மேடையேற்றிய போது, அவருக்குத் துணை நின்றவர் உதயசங்கர். 1920களின் இறுதியில் பாவ்லோவாவோடு நட்புப் பூண்ட ருக்மிணி தேவி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். தம் சொந்த நாட்டு ஆடலை நாடுமாறு பாவ்லோவா அவருக்குக் கூறினார். ருக்மிணி தேவி பரதநாட்டியம் பயின்றதும், 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றியதும் அதன் பின்னர் நிகழ்ந்தவை. இன்று டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நம் வீட்டுப் பெண்மக்கள் பயிலும் நாட்டியத்தின் வரலாற்றில், பாலே நடனத்தின் நிழல் ஒரு பக்கம் படிந்தே இருக்கிறது.

உடலமைப்பிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பரதநாட்டியத்தில் அரைமண்டியில் அமரும் போது முழங்கால்கள் இரு புறமும் விரிகின்றன. பாதங்கள் வெளிநோக்கித் திரும்புகின்றன. பாலே நடனத்திலும் இடுப்பிலிருந்தே கால்களை வெளிப்புறமாகத் திருப்புவது அடிப்படைப் பயிற்சியாகும். வேற்றுமை எங்கே எனில், நமது ஆடல் பூமியை நாடித் தட்டுகிறது. பாலே பூமியை விட்டு எழ விரும்புகிறது. விரல் நுனியில் நிற்பதும், காற்றில் மிதப்பது போலத் தாவுவதும் அவ்விருப்பத்தின் வடிவங்களே. அந்த மரபிலிருந்து விலகி, உடலின் எடையையும் மூச்சையும் மறைக்காமல் காட்ட முற்பட்டவர்களிடமிருந்து பிறந்தது இக்கால நடனம். 1926இல் தம் குழுவை நிறுவிய அமெரிக்கர் மார்த்தா கிரஹாம் அவ்வழியில் முதன்மையானவர். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு 'அங்கிகா' என்னும் படைப்பை அளித்த சந்திரலேகா, பரதநாட்டியத்தோடு யோகத்தையும் களரிப்பயிற்றையும் இணைத்துக் கண்டார். மராட்டியத்தில் பிறந்து சென்னையில் குடியேறியவர் அவர். கலை மாநில எல்லைகளைக் கடந்து குடிபெயர்வது நமக்குப் புதிதன்று.

இனி, எழுத்து ஆடலை எவ்வாறு காக்கிறது என்பதற்கு ஒரு சான்று காண்போம்.

1913ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் பாரிஸ் நகரத்து ஷான்ஸ் எலிசே அரங்கில் 'வசந்தச் சடங்கு' என்னும் பாலே அரங்கேறியது. தியாகிலெவ் நடத்திய ருஷியக் குழு அதனை ஆடியது. இசை ஸ்ட்ராவின்ஸ்கியுடையது, ஆடலமைப்பு நிஜின்ஸ்கியுடையது. உடையும் காட்சியும் வகுத்தவர் நிக்கோலஸ் ரோரிக். இவர் பின்னாளில் இமயத்துக் குலு பள்ளத்தாக்கில் நக்கர் என்னும் ஊரில் குடியேறி, 1947இல் அங்கேயே காலமானார். வசந்தம் வரவேண்டிப் பழங்குடியினர் ஒரு கன்னியைத் தேர்ந்து, அவள் ஆடி ஆடியே உயிர் விடுவதாக அமைந்தது அக்கதை. பாலே மரபு கால்களை வெளிநோக்கித் திருப்பியதென்றால், நிஜின்ஸ்கி உள்நோக்கித் திருப்பினார். மிதக்க வேண்டிய ஆடுநர் தரையை ஓங்கி மிதித்தனர். அவையில் எள்ளலும் கூச்சலும் எழுந்தன. ஆதரிப்போரும் எதிர்ப்போரும் மோதிக்கொண்ட அவ்விரவு கலை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

ஆனால், ஆடல் என்னவாயிற்று? பாரிஸிலும் லண்டனிலுமாகப் பத்துக்கும் குறைந்த முறைகளே அது ஆடப்பட்டது. அதே ஆண்டில் நிஜின்ஸ்கி குழுவினின்றும் விலக்கப்பட்டார். 1920இல் அப்படைப்பை மீண்டும் மேடையேற்ற தியாகிலெவ் விரும்பிய போது, ஆடலை முழுமையாக நினைவுகூர ஒருவரும் இல்லை. ஏழு ஆண்டுகளுக்குள் அத்தனை அசைவுகளும் மறைந்துவிட்டன! மாசீன் என்பவரைக் கொண்டு அதே இசைக்குப் புதிய ஆடலை அமைக்க வேண்டியதாயிற்று.

இவ்வாறு தொலைந்த ஆடலை மீட்க அமெரிக்க ஆய்வாளர் மில்லிசென்ட் ஹாட்சன், பல ஆண்டுகள் முயன்றார். காட்சியையும் உடையையும் மீட்கும் பணியில் கென்னத் ஆர்ச்சர் அவருக்குத் துணை நின்றார். அவர்களுக்குக் கிடைத்த ஆதாரங்கள் எவை? நிஜின்ஸ்கிக்கு உதவியாக இருந்த மேரி ராம்பெர்ட் இசைச்சுவடியின் ஓரங்களில் எழுதிவைத்த குறிப்புகள் ஒன்று. வாலன்டைன் கிராஸ் என்னும் ஓவியப் பெண்மணி வரைந்த படங்கள் மற்றொன்று. இவற்றோடு, அன்றைய பத்திரிகை விமர்சனங்களும் பெருந்துணையாயின. 1913 நவம்பரில் ஜாக் ரிவியேர் என்னும் எழுத்தாளர் ஒரு நீண்ட கட்டுரையில், அசைவுகள் எங்கே முறிந்தன, உடல் எவ்வாறு தன்னுள் ஒடுங்கியது என்பனவற்றையெல்லாம் விரிவாக எழுதியிருந்தார். வசை பாடியவர்களும், தாம் வெறுத்தது இன்னதென்று சொல்லப் புகுந்து, அறியாமலே அசைவுகளைப் பதிந்துவிட்டனர். இத்துண்டுகளையெல்லாம் சேர்த்து மீட்டெடுத்த படைப்பை, 1987ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜாஃப்ரி பாலே குழு மேடையேற்றியது. எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், எழுத்தின் துணையால் ஓர் ஆடல் மீண்டும் உயிர் பெற்றது.

ஆடலைக் குறியீடுகளால் எழுதிவைக்கும் முறைகளும் உண்டு. 1928இல் ருடால்ஃப் லாபான் வெளியிட்ட முறையும், 1950களில் இங்கிலாந்தில் பெனெஷ் தம்பதியர் வகுத்த முறையும் பெயர் பெற்றவை. அதற்கும் முன்னர், ஸ்தெபானவ் என்பவர் வகுத்த முறையில் பெத்திபாவின் பாலே நடனங்கள் பல எழுதப்பட்டன. அவ்வேடுகளை நிக்கோலாய் செர்கேயெவ் ருஷியப் புரட்சிக்குப் பின் வெளிநாட்டுக்குக் கொண்டுவந்தமையால்தான் 1930களில் லண்டன் மேடை அப்படைப்புகளைப் பெற்றது. ஆயினும், குறியீடு அடவைச் சொல்லுமேயன்றி, அவ்வடவைக் கண்டவர் நெஞ்சில் அது என்ன செய்தது என்பதைச் சொல்லாது. அதனைச் சொல்வது விமர்சனத்தின் கடமை.

அவ்வாறாயின், விமர்சனத்தை எவ்வாறு படிப்பது? பழக்கத்தில் பயன்தரும் சில வழிகளை நாம் கைக்கொள்ளலாம்.

முதலாவது, தீர்ப்பைத் தேடுமுன் விவரத்தைத் தேடுதல். எந்த அரங்கில், எந்த நாளில், எவர் எவர் ஆடினர் என்பதை முதலில் காண வேண்டும். பாலே உலகில் ஒரே படைப்பை ஒரே வாரத்தில் மூவர் நால்வர் மாறி மாறி ஆடுவர். திங்கட்கிழமை ஆடியவரைப் பற்றி எழுதியது வியாழக்கிழமை ஆடியவருக்குப் பொருந்தாது. ஒரே வர்ணத்தை இருவர் ஆடும் போது நாம் காணும் வேற்றுமை போன்றதே இதுவும். இக்கால நடனத்தில் நிலைமை வேறு. அங்கே படைப்பே புதிது. படிப்பவர் அதனை முன்னர்க் கண்டிருக்க இடமில்லை. ஆகவே, அங்கே மேடையில் நிகழ்ந்ததை விமர்சகர் சொற்களால் கட்டிக் காட்ட வேண்டும். காட்டாமல் நன்று, தீது என்று மட்டும் கூறினால், அந்த எழுத்தால் நமக்குப் பயன் சிறிதே.

இரண்டாவது, பெயரைக் கண்டு மயங்காதிருத்தல். 'வசந்தச் சடங்கு' என்னும் தலைப்பைக் கண்டவுடன், அஃது எவருடைய அமைப்பு என்று வினவ வேண்டும். நிஜின்ஸ்கியுடையது ஒன்று. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் பீனா பௌஷ் 1975இல் அமைத்தது முற்றிலும் வேறு. அதில் மேடை முழுவதும் மண் பரப்பப்பட்டிருக்கும், ஆடுநர் அம்மண்ணிலேயே புரண்டு ஆடுவர். இந்த பீனா பௌஷ், இந்தியாவில் சுற்றித் திரிந்து பெற்ற அனுபவத்தினின்றும் 2007இல் 'பாம்பூ புளூஸ்' என்னும் படைப்பை அளித்தவர். 2009இல் அவர் மறைந்தார். அவருடைய 'வசந்தச் சடங்கை' 2020ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க நாட்டு ஆடுநர் பயின்று, செனகல் நாட்டுக் கடற்கரை மணலில் ஆடிய போது, அதே படைப்பு மற்றொரு பொருள் பெற்றது. இசை ஒன்று, ஆடல் பல, ஒரே ஆடலுக்கும் உடல் பல.

மூன்றாவது, எழுதுபவர் யார் என்று அறிதல். 1841இல் பாரிஸில் அரங்கேறிய 'ஜிசெல்' என்னும் பாலே நடனத்தின் கதையை வகுத்தவருள் ஒருவர் கவிஞர் தியோஃபில் கோத்தியே. அதற்குப் பத்திரிகையில் விமர்சனம் எழுதியவரும் அவரே! அக்கட்டுரை இன்றும் சுவையானதுதான். ஆயினும், தம் குழந்தையைத் தாமே புகழும் தந்தையின் சொல்லாக அதனை நாம் படிக்க வேண்டும். மாறாக, 1942 முதல் 1945 வரை நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன் நாளிதழில் எழுதிய எட்வின் டென்பி, ஆடுநரின் தோளும் பாதமும் எவ்வாறு இயங்கின என்பதைக் கண்முன் நிறுத்துவதிலேயே கருத்தாயிருந்தார். அவர் கட்டுரைகள் 1949இல் நூலாக வந்தன. அவர் புகழ்ந்ததை நாம் ஏற்காவிடினும், அவர் கண்டதை நாம் காண இயலுகிறது.

நான்காவது, முதல் தீர்ப்பை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளாதிருத்தல். இன்று பாலே என்றவுடன் உலகோர் நினைவுக்கு வரும் 'அன்னப் பொய்கை', 1877இல் மாஸ்கோவில் அரங்கேறிய போது போற்றப்படவில்லை. சாய்க்காவ்ஸ்கியின் இசை ஆடலுக்கு ஏற்றதன்று என்றனர் சிலர். 1893இல் இசைஞர் மறைந்தார். 1895இல் பெத்திபாவும் இவானவும் புதிதாக அமைத்த பின்னரே அதன் புகழ் ஓங்கியது.

இங்கே இரு வேடிக்கையான நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1957ஆம் ஆண்டு நியூயார்க்கில் பால் டெய்லர் என்னும் இளைஞர் ஏழு புதிய நடனங்களை அளித்தார். அவற்றுள் ஒன்றில் இருவர் மேடைக்கு வந்து, இறுதிவரை அசையாமலே இருந்தனர். அந்நிகழ்ச்சிக்கு லூயி ஹோர்ஸ்ட் என்னும் மூத்த விமர்சகர் தம் இதழில் எழுதிய விமர்சனம் யாது தெரியுமா? இடமும் நாளும் மேலே, தம் பெயரின் முதலெழுத்துகள் கீழே, இடையில் வெற்றுத்தாள்! மற்றொன்று 1994இல் நிகழ்ந்தது. பில் டி. ஜோன்ஸ் என்பார், தீராநோய் கொண்டோர் தம் வாழ்வைப் பற்றிக் கூறியனவற்றிலிருந்து ஒரு படைப்பை உருவாக்கினார். நியூயார்க்கர் இதழின் புகழ்மிக்க விமர்சகர் ஆர்லீன் குரோச்சே அதனைக் காண மறுத்தார். காணாமலே அதனைப் பற்றி நீண்ட கட்டுரையும் எழுதினார். பெரிய விவாதம் மூண்டது.

முன்னவர் கண்டார், எழுதவில்லை. பின்னவர் எழுதினார், காணவில்லை. இரண்டும் செய்திகளாகிப் புகழ் பெற்றன. ஆனால், அவ்விரு மாலைகளிலும் மேடையில் என்ன நிகழ்ந்தது என்று அறிய விரும்புவோர் வேறு எவரையேனும்தான் நாட வேண்டும். பால் டெய்லரோ, பின்னர் 'ஆரியோல்', 'எஸ்பிளனேட்' முதலிய படைப்புகளால் உலகப் புகழ் பெற்று, 2018இல் மறைந்தார். வெற்றுத்தாள் அவரைத் தடுக்கவுமில்லை. அவர் ஆடலைக் காக்கவுமில்லை.

தமிழ் வாசகருக்கு விமர்சனம் புதிதன்று. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் கல்கி எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி, சபைக்குச் செல்ல இயலாத சிற்றூர் வாசகரையும் ரசிகராக்கியது. சுப்புடு என்று நாமனைவரும் அறிந்த பி.வி. சுப்பிரமணியம், போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்து, டில்லியில் அரசாங்க அலுவல் பார்த்துக்கொண்டே ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இசையையும் நாட்டியத்தையும் விமர்சித்தவர். அவருடைய கடுஞ்சொல்லுக்கு அஞ்சாத கலைஞர் அரியர். 2007இல் அவர் மறைந்தார். தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்த ஒருவர், தமிழகத்து மேடையே செவிசாய்க்கும் விமர்சகராக விளங்கினார் என்பதை நாம் மறத்தல் ஆகாது. வெளியே இருப்பவர்க்குத் தொலைவு ஒரு குறையாகலாம். ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பாகவும் ஆகலாம்.

இதன் மறுபுறத்தையும் எண்ணிப் பார்ப்போம். பாலசரஸ்வதி 1962இல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவிலும், 1963இல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். அங்கிருந்த விமர்சகருள் பெரும்பாலோர் தமிழ் அறியார்; பதத்தின் பொருளையும் உடனே உணரார். எனினும் அவர்கள் கூர்ந்து கண்டு, கண்ட அளவில் எழுத முற்பட்டனர். சென்னையில் பிறந்து லண்டனில் 1988ஆம் ஆண்டு தம் குழுவை நிறுவிய ஷோபனா ஜெயசிங்கின் படைப்புகளைப் பற்றி எழுதவும் ஆங்கில விமர்சகர் புதிய சொற்களைத் தேட வேண்டியதாயிற்று. நமக்கு அறிமுகமில்லாத பாலேயைப் பற்றி நாம் படிக்கும் போது, அதே நிலையில்தான் நாம் இருக்கிறோம். பிறர் நம் கலையை எவ்வளவு பொறுமையோடு காண வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அவ்வளவு பொறுமையை நாமும் அவர்கள் கலைக்கு அளிப்பது முறையாகும்.

ஆனால், இவ்வகை எழுத்து இன்று சுருங்கி வருகிறது. லண்டனில் 1910 முதல் மாத இதழாக மலர்ந்து, பாலேயின் வரலாற்றையே மாதந்தோறும் எழுதிவந்த 'டான்சிங் டைம்ஸ்', 2022ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. நாளிதழ்களில் நாட்டியத்திற்கென்றே ஊதியம் பெறும் விமர்சகர் உலகெங்கும் மிகச் சிலரே.

படமெடுக்கும் வசதி பெருகிவிட்டதே, எழுத்து எதற்கு என்று கேட்கலாம். உண்மைதான். 2014இல் உலக பாலே நாள் தொடங்கிய போது, மெல்போர்ன், மாஸ்கோ, லண்டன், டொரான்டோ, சான் ஃபிரான்சிஸ்கோ நகரங்களின் பெருங்குழுக்கள் தம் பயிற்சியை உலகமே காணுமாறு இணையத்தின் வழி நேரலையில் அளித்தன. நாக்பூரிலோ போபாலிலோ இருந்தபடியே அவற்றைக் காண இயலும் காலம் இது. அவ்வசதியை நாம் நன்கு பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆயினும், படக்கருவி தன்னை வைத்த இடத்திலிருந்து காண்கிறது. அவை எங்கே மூச்சடக்கியது, எங்கே சலித்தது, சென்ற ஆண்டு ஆடியதற்கும் இன்று ஆடியதற்கும் என்ன மாறுதல் என்பனவற்றைக் கருவி அறியாது. படத்தைக் கண்டு, அதன் விமர்சனத்தையும் படிப்பவர்க்கு இரண்டுமே தெளிவாகும்.

இறுதியாக, படிக்கும் பழக்கத்திலிருந்து நமக்கு ஒரு கடமையும் பிறக்கிறது. பிற மாநிலங்களில் நாம் நடத்தும் சங்க விழாக்களையும் அரங்கேற்றங்களையும் பற்றி எழுதப்படும் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். தலைமை தாங்கியவர் யார், பொன்னாடை போர்த்தியவர் யார், நன்றி நவின்றவர் யார் என்பன வரிசையாக இருக்கும். ஆடிய பெண் என்ன ஆடினாள், எவ்வாறு ஆடினாள் என்பது பற்றி ஒரு வரியும் இராது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் நம் ஊரில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தகைய நாட்டியம் ஆடினர் என்று ஆராயப் புகுந்தால், அவருக்குப் பொன்னாடைகளின் கணக்கே கிடைக்கும். நிஜின்ஸ்கியின் ஆடல் ஏழு ஆண்டுகளில் மறைந்தது என்றால், நம் பிள்ளைகளின் ஆடல் ஏழு நாளில் மறைந்துவிடும்.

ஆகவே, நாம் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வோமாக. ஆடல் எதனைக் கண்டாலும், அது பாலேயாயினும் பரதமாயினும் இக்கால நடனமாயினும், அன்றிரவே நாள், இடம், ஆடியவர் பெயர், ஆடிய உருப்படிகள் ஆகியவற்றை எழுதி, கண்ணில் நின்ற ஓர் அசைவைப் பத்து வரிகளில் விவரிப்போம். புகழ்ச்சியும் இகழ்ச்சியும் பின்னர் வரட்டும். சங்க மலர்களில் அத்தகைய பத்து வரிகளுக்கு இடம் கேட்போம். நல்ல விமர்சனம் வெளியிடும் பத்திரிகைக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதுவோம். மேலை நாட்டார் ஓர் ஆடலை எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மீட்டது, அன்று அவையில் அமர்ந்திருந்த சிலர் கண்டதை எழுதிவைத்ததால்தான். நம் அவைகளிலும் அத்தகைய சிலர் அமர்ந்திருக்கட்டும்.